மூன்று எட்டு பின்னால்

எங்கள் பட்டறையில் சம்மட்டி அடிப்பது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் என்னைப் பார்த்ததும் "கடைக்காரர் இல்லையாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையோரம் எங்கள் தகரக் கொட்டகை. என் கணவர் கொறட்டால் பழுத்த இரும்பைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டுவார். அந்த இடத்தில் ஐந்து கிலோ சம்மட்டியை இறக்குவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

சீசன் சமயத்தில் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த ஒருவர், நான் அடிப்பதைச் செல்போனில் பிடித்தார். பிறகு பக்கத்தில் நின்ற மனைவியிடம், "பாவம், பொம்பளை எவ்வளவு கஷ்டப்படுறாங்க பாரு" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. "பாவம் கீவம்லாம் வேண்டாம் சார். தேங்கா வெட்டுத அரிவா வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க" என்றேன். வாங்கிக்கொண்டுதான் போனார்.

கொல்லுப்பட்டறை எல்லாம் அழிந்துவிட்டது என்று அங்கலாய்க்கிறவர்களைக் கண்டாலும் எனக்கு ஆகாது. செங்கோட்டை வழியாக வருகிற மலையாளத்துக்காரர்கள் ரப்பர் மரம் கீறுகிற கத்திக்கு எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுப் போகிறார்கள். "சேச்சி, கழிஞ்ச தவண கொண்டுபோன அதே மாதிரி" என்று, போன தடவை வாங்கிய கத்தியையே கேட்டு, போனிலேயே ஆர்டர் வரும். பக்கத்தில் எங்களுடைய இன்னொரு கொட்டகையில் வெல்டிங் வேலை தனியாக நடக்கிறது. வளைகுடாவிலிருந்து லீவில் வருகிற பாய்மார்கள் புது வீட்டுக்கு கேட் அடிக்க எங்களைத் தேடித்தான் வருகிறார்கள். எங்களிடம் இரண்டு பேர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். இதில் அழிவு எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அழிந்தது வேறொன்று. அது அழிந்ததில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது.

என் அப்பா கடையம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உலை வைத்திருந்தார். ஊர்ச் சம்சாரிகளின் கலப்பைக் கொழு, மண்வெட்டி, கதிரரிவாள் எல்லாம் அவர் கையால்தான் ஆக வேண்டும். அறுவடை முடிந்ததும் களத்துக்குப் போய் நிற்பார். எல்லாருக்கும் அளந்து முடித்த பிறகு, அவர் விரித்துப் பிடித்த துண்டில் நெல்லை மேலேயிருந்து கொட்டுவார்கள். துண்டில் விழுகிற தூரத்தில் நிற்க வேண்டும், அதற்குமேல் நெருங்கக் கூடாது. மீசை முளைக்காத பயல்கள்கூட அவரை "ஏ ஆசாரி" என்று கூப்பிடுவான்கள். அதே அப்பா வீட்டுக்கு வந்து பூணூலைச் சரிசெய்துகொண்டு, "நம்ம இல்லேன்னா உழவு ஏது, கோயில் ஏது? நாமதான் உசத்தி" என்பார். வீட்டுக்குள் இருக்கும்வரை நாங்கள்தான் எல்லாரையும்விட உசத்தி. வாசலைத் தாண்டினால் தோளில் கிடக்கிற துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும்.

இப்போது என் கணவரை "அண்ணாச்சி" என்கிறார்கள். கல்யாண வீட்டில் கையைப் பிடித்து இழுத்து முதல் பந்தியில் உட்கார வைக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சுடலை கோவிலுக்கு நாங்கள் இரும்புக் கதவு செய்து உபயமாகக் கொடுத்த பிறகு, கொடைத் திருவிழா ஃபிளெக்ஸில் அவர் படமும் வந்துவிட்டது. எம்.எல்.ஏ படத்துக்குக் கீழே, நகைக்கடைக்காரருக்குப் பக்கத்தில், கூலிங் கிளாஸ் போடாத ஒரே ஆள் அவர்தான். அந்தப் படத்தைப் பார்த்து நானும் பூரித்துப்போனவள்தான். பொய் சொல்ல மாட்டேன்.

போன வருஷக் கொடை முடிந்த மறுநாள், சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு வீடியோவைப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து என் தூக்கம் போயிற்று.

விஷயம் இதுதான். எங்கள் கோவிலில் ஆடிக்கொடை அன்று மத்தியானம் சாமிக்குப் புது அரிவாள் சாத்த வேண்டும். நிறுத்தி வைத்தால் என் உயரம் இருக்கும். அதை எங்கள் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்பது வழக்கம். என் மாமனார் காலத்துக்கும் முந்தியது. என் கணவர் விரதம் இருந்து அடித்து, அதைத் தோளில் சுமந்து கோவில் எல்லைக்குப் போவார். அங்கே தரையில் வாழையிலை விரித்திருப்பார்கள். குனிந்து அரிவாளை இலையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் மூன்று எட்டு பின்னால் போய் நிற்க வேண்டும். அதன்பிறகு மஞ்சள் தண்ணீர் தெளித்து, கோவில் ஆட்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். அவர் கையிலிருந்து யாரும் நேராக வாங்குவதில்லை.

இப்படி ஒரு வழக்கம் உண்டென்று எனக்குத் தெரியும். ஆனால் நான் கண்ணால் பார்த்ததில்லை. பெண்கள் நிற்கிற பக்கத்திலிருந்து பார்த்தால் முன்னால் நிற்கிறவர்களின் கொண்டையும் பூவும்தான் தெரியும். வீடியோவில்தான் முதல் முறையாக முழுசாகப் பார்த்தேன்.

முதலில் மேடை. மைக்கில் ஒருவர் "தொழிலதிபர் அவர்களே வருக" என்கிறார். என் கணவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கலர் குடிக்கக் கொடுக்கிறார்கள். வீடியோவின் அடுத்த பகுதியில் அதே ஆள், பொன்னாடையைக் கழற்றி வைத்துவிட்டு, வெற்று உடம்போடு குனிந்து இலையில் அரிவாளை வைக்கிறார். தொழிலதிபர் மூன்று எட்டு பின்னால் போகிறார். ஒரு கல் தடுக்கி லேசாகத் தடுமாறுகிறார். பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தமும் அதில் பதிவாகியிருக்கிறது. கீழே சொந்தக்காரர்கள் கைகூப்பி, பூப் போட்டு வைத்திருந்தார்கள்.

போனைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன். பார்த்துவிட்டு, "சாமி காரியம்ட்டி. நம்ம என்ன செய்ய முடியும்?" என்றார்.

"சாமி வந்து கேட்டுச்சா, பின்னால போன்னு?"

அவர் உலைக்குக் காற்றைத் திறந்துவிட்டார். அவருக்குப் பேச்சு பிடிக்காவிட்டால் ப்ளோயரைப் போட்டுவிடுவார்; அந்தச் சத்தத்தில் நான் கத்தினாலும் கேட்காது.

ஒரு வருஷம் பொறுத்தேன். இந்த ஆனி கடைசியில் கொடைக்கு முன்நிற்கிற தலைவர் அண்ணாச்சி, வெற்றிலை பாக்கு, தேங்காய் பழத் தட்டோடு பட்டறைக்கு வந்தார். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். கெட்ட மனுஷர் இல்லை. தோப்புக்கு வேண்டிய அரிவாள் அத்தனையும் எங்களிடம்தான் வாங்குவார். கூர் பார்க்க என் கையிலிருந்து வாங்கித் தன் கட்டைவிரலில் இழுத்துப் பார்ப்பார். தட்டை நீட்டி, "என்ன அண்ணாச்சி, இந்த வருஷமும் நல்லபடியா முடிச்சுக் குடுத்திருங்க" என்று என் கணவரிடம் சொன்னார்.

என் கணவர் தட்டை வாங்கக் கையை நீட்டினார். நான் குறுக்கே புகுந்துவிட்டேன்.

"செஞ்சு தாறோம் அண்ணாச்சி. ஆனா இலையில வைக்க மாட்டோம். கையில குடுப்போம், நீங்க கையில வாங்கணும்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். "ஏம்மா, இரும்பைக் கையில குடுத்து வாங்கப்படாதுல்லா? பகை வந்துரும்னு சொல்லுவாக. உங்க வீட்லயே அருவாமணைய அப்படித்தான தரையில வச்சு எடுக்கிய?"

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் கத்தியை, உப்பை, மிளகாயை யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள். கீழே வைத்துத்தான் எடுப்பார்கள். ஆனால் விட மனசில்லை.

"அப்ப போன வாரம் தோப்புக்குப் பாளையரிவாளை என் கையில இருந்துதான வாங்குனிய. நமக்குள்ள பகை வந்துட்டா? சரி, பகைக்காகத்தான் இலைன்னே வச்சுக்கிடுவோம். மூணு எட்டு பின்னால எதுக்கு? மஞ்சத் தண்ணி எதுக்கு? அருவாமணைக்கு யாரு மஞ்சத் தண்ணி தெளிக்கா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. என் கணவரைப் பார்த்து, "அண்ணாச்சி, வீட்ல சொல்லி வைங்க" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று எங்களுக்குள் நடந்த சண்டையை முழுதும் எழுத முடியாது. "ஊரோட ஒத்துப் போவணும். பெரிய மனுசன்னு இப்பதான் ஒரு இடம் கிடைச்சிருக்கு, அதையும் கெடுக்கப் பாக்கியா?" என்றார். "எந்த இடம்? மூணு எட்டு பின்னால இருக்கே, அந்த இடமா?" என்றேன். அதற்குப்பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. வேலை மட்டும் நடந்தது. அவர் தட்டிக் காட்டினார், நான் அடித்தேன்.

மூன்றாம் நாள் கரி வந்தது. உண்மையான அடி அன்றைக்குத்தான் எனக்கு விழுந்தது.

எங்களுக்குக் கரி, திருவேங்கடம் பக்கத்திலிருந்து வருகிறது. அந்த வறண்ட காட்டில் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு எரித்த கரி. லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு பெண் வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சாலையோரத்து வேப்பமரத்தடியில் மூட்டைகளை இறக்கிவிட்டு, "ஆசாரியம்மா, கரி வந்துட்டு" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். கொட்டகைக்குள் வரமாட்டார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் மூட்டைகள்மேல் தெளிப்பேன். அதற்குப்பிறகு எங்கள் ஆட்கள் உள்ளே தூக்கிவருவார்கள். கரிக்குள் கங்கு கிடந்தால் பற்றிக்கொள்ளும், அதனால்தான் தண்ணீர் என்று என் மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நானும் அதையே சொல்லிக்கொண்டு தெளித்துவந்தேன்.

அன்று நான் கோபத்தில் இருந்தேன். யாரிடமாவது கொட்ட வேண்டும்போல இருந்தது. செம்போடு மரத்தடிக்குப் போய், தலைவர் வந்ததையும் நான் கேட்டதையும் ஒன்றுவிடாமல் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "கேட்டியாட்டி அநியாயத்தை? எங்க கையால செஞ்ச அரிவாளு சாமிக்கு வேணும். எங்க கையி மட்டும் ஆவாதாம். தரையில வைக்கணுமாம், தண்ணி தெளிக்கணுமாம்" என்றேன்.

அவர் தலைச்சும்மாட்டை அவிழ்த்து உதறிக்கொண்டே கேட்டார். பிறகு என் கையில் இருந்த செம்பைப் பார்த்தார். சிரித்துவிட்டார். கிண்டல் சிரிப்பு இல்லை, தெரிந்த விஷயத்துக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"நீங்க எனக்குச் செய்யுததைத்தான அவுக உங்களுக்குச் செய்யுதாக" என்றார். "இதுல புதுசா என்ன இருக்கு ஆசாரியம்மா? தெளிச்சிட்டு விடுங்க, நேரமாவுது."

செம்பு என் கையில் அப்படியே நின்றது. எரிந்து ஆறி, சாக்கில் கட்டி, ஆட்டோவில் அவ்வளவு தூரம் வந்த கரியில் கங்கு எங்கிருந்து வரும்? இருந்தால் வழியிலேயே சாக்கு எரிந்திருக்காதா? உலையில் வேகிற எனக்கு இதுகூடவா தெரியாது? தெரியும். தெரிந்துகொண்டேதான் இத்தனை வருஷமும் தெளித்தேன். என்னைவிட மூத்தவரை "ஏட்டி" என்று கூப்பிட்டேன். அப்பாவை "ஏ ஆசாரி" என்ற பயல்களை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிற என் வாய்தான் அதையும் சொல்லியிருக்கிறது. வெட்கத்தில் காது சுட்டது. அன்று தண்ணீரை வேப்பமரத்து வேரில் ஊற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட நாக்கு எழவில்லை.

இதற்கிடையில் தலைவர் சும்மா இருக்கவில்லை. என் தம்பி கடையத்தில் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடமிருந்து போன் வந்தது.

"யக்கா, உங்க ஊர்த் தலைவரு இங்கன வந்திருந்தாரு. சாமி அரிவா வேணுமாம். என்ன சேதி?"

"கையில வாங்குவியளான்னு கேளு."

"கேட்டேன். காப்பிய பாதியில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

செங்கோட்டையிலும் கேட்டுப் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. அங்கே உலை வைத்திருப்பவர் என் மாமா மகன். இந்தப் பக்கத்தில் எங்கே போய்ப் பட்டறைக் கதவைத் தட்டினாலும் எங்கள் சொந்தம்தான் திறக்கும். அதை அவர் யோசிக்கவில்லை. மெஷினில் தகட்டை வெட்டிப் பளபளவென்று தருகிற கடைக்கும் போயிருக்கிறார். ஆனால் சாமியாடுகிறவர், மற்ற நாளில் மினி பஸ் ஓட்டுகிறவர், உலையில் வேகாத இரும்பைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கொடைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தலைவர் அதே தட்டோடு திரும்பி வந்தார்.

"செய்யுங்க. மத்ததை அன்னைக்குப் பாத்துக்கிடுவோம்" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

'பாத்துக்கிடுவோம்' என்றால் எங்கள் ஊரில் ஆமாம் என்றும் அர்த்தம் இல்லை, இல்லை என்றும் அர்த்தம் இல்லை. என் கணவர் தட்டை வாங்கிக்கொண்டார். அவர் என்ன நினைக்கிறார் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

சாமி அரிவாளுக்குப் புதுக் கரி வேண்டும். சொல்லி அனுப்பினேன். ஆட்டோ வந்து நின்றது. அந்தப் பெண் வழக்கம்போல மரத்தடிக்கு மூட்டையோடு நடந்தார். நான் ஓடிப்போய் முன்னால் நின்று, "யக்கா, இங்கன தாங்க" என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

அவர் திகைத்து நின்றுவிட்டார். தலையில் பாரம். நான் நகரவில்லை. கடைசியில் அவர் குனிய, மூட்டையை அவர் தலையிலிருந்து என் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். முகமெல்லாம் கரித்தூள். உள்ளே கொண்டுபோய் உலைப் பக்கத்தில் இறக்கினேன். அடுத்த மூட்டையை அவரே கொட்டகைக்குள் தூக்கிவந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, எங்கள் வீட்டு டம்ளரில் காப்பி கொடுத்தேன். உட்கார்ந்து குடித்தார். என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ப்ளோயரைப் போடவில்லை.

நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒன்றும் உருக்கம் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணுக்கு நேரே பார்த்துக் கேட்டார்:

"இது இன்னைக்கு ஒரு நாளைக்கா, எப்பவுமா?"

"எப்பவும்" என்றேன்.

"பாக்கேன்" என்றார். சும்மாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கொடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். அதற்கும் "பாக்கேன்" என்றுதான் சொன்னார். அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

மறுநாள் வேலை தொடங்கினோம். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. லாரி வில்லுப்பட்டையைப் பழுக்கவைத்து நீட்டி, மூக்கை வளைத்து, முதுகை ஒதுக்கி, விளிம்பை மெலிய அடித்து இறக்க மூன்று நாள் ஆயிற்று. விரதம் அவருக்கு மட்டும் என்றுதான் ஊரில் பேச்சு. நானும் இருந்தேன், எப்போதும் இருப்பேன். சாமி அரிவாளில் சம்மட்டி இறக்குகிறவள் நான்தான் என்பது கோவில் கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. கடைசி நாள் தோய்ச்சல். முழு நீளமும் ஒரே சிவப்பில் இருக்கும்போது தண்ணீரில் இறக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் கோணிக்கொள்ளும். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரே மூச்சில் இறக்கினோம். கோணவில்லை. அவர் அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கொடை அன்று காலையில் குளித்துவிட்டு வந்தவரிடம், "என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியலட்டி. எங்க அப்பா போன எட்டு அது. காலு தானா போயிருமோன்னு பயமா இருக்கு" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. நான் வாயால் கேட்டுவிட்டேன். கூட்டத்துக்கு நடுவில் நிற்கப்போவது அவர்.

மத்தியானம் மேளம் முன்னால் போக, அவர் அரிவாளைத் தோளில் வைத்து நடந்தார். நான் பின்னாலேயே போய், இந்தத் தடவை பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இடம் பிடித்தேன். கோவில் எல்லையில் வழக்கம்போலத் தரையில் வாழையிலை விரித்திருந்தது. தலைவர் இலைக்கு அந்தப் பக்கம் நின்றார், அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு ஒருவர். பொரிகடலைக் கடைப் பக்கம் கண்ணில் பட்டது ஒரு நீலச்சேலை. கரிக்கார அக்கா. வந்துவிட்டார்.

என் கணவர் இலைக்கு முன்னால் போய் நின்றார். தோளிலிருந்து அரிவாளை இறக்கி இரண்டு கையிலும் ஏந்தினார். முழங்கால் லேசாக மடங்குவது தெரிந்தது. பெண்கள் பக்கத்தை விட்டு விலகி, நாலு ஆண்களை இடித்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றேன். "பொம்பள எதுக்கு இங்கன?" என்று யாரோ சத்தம் போட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

"வைங்க அண்ணாச்சி" என்றார் தலைவர்.

என் கணவரின் முழங்கால் நிமிர்ந்தது. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர், அன்றும் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மேளக்காரர்கள் நிறுத்தியிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"கையில வாங்குங்க அண்ணாச்சி."

சாரலில் அரிவாள் நனைந்தது. பெரிய பாரம் அது. நான் தாங்கப் போகவில்லை. போனால் அவர் தோற்றதாகிவிடும். தலைவர் சுற்றிப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, இரண்டு உள்ளங்கையிலும் விரித்துக்கொண்டு கையை நீட்டினார்.

பாதி கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டார்.

"துண்டு வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். "கடையில துண்டு போட்டா வாங்குதிய?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போன வருஷம் வீடியோவில் கேட்ட சிரிப்பு இல்லை இது. தலைவர் என்னை முறைத்தார். அவருக்குப் பின்னாலிருந்து மினி பஸ்காரர், சாமி இன்னும் வராத வெறும் மனுஷராகவே, "வாங்கிருங்க அண்ணாச்சி, நேரமாவுது" என்றார். தலைவர் துண்டை மறுபடி தோளில் போட்டார். வெறும் கையை நீட்டினார். என் கணவர் அரிவாளை அந்தக் கையில் வைத்தார். பாரம் தாங்காமல் தலைவர் கை சட்டென்று தாழ்ந்தது. என் கணவர் விடாமல் கீழே கை கொடுத்து நிறுத்தினார். செம்புக்காரர் பழக்கதோஷத்தில் மஞ்சள் தண்ணீரை வீசினார். அது அரிவாள்மேலும் நாலு கையின்மேலும் சேர்ந்தே விழுந்தது.

நான் என் கணவரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நின்ற இடத்தில் நின்றது.

மேளம் மறுபடி எழுந்தது. அரிவாளைச் சாமிக்குச் சாத்தி, பூசை முடிந்து, திருநீறு கொடுத்துக்கொண்டு வந்த தலைவர் எங்களிடம் வந்ததும் நின்றார். "இப்ப திருப்திதான?" என்றார். குரலில் கசப்பு இருந்தது. நான் சும்மா சிரித்து, திருநீற்றை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். என் கண் பொரிகடலைக் கடைப் பக்கம் போயிற்று. அந்த அக்கா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இந்த ஒரு வருசத்துக்கா, எப்பவுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கமிட்டி கூடித்தான் பேசணும்."

"நல்லாப் பேசுங்க. ஆனா அடுத்த வருசம் இவுக கொண்டு வர மாட்டாக. நான் தூக்கிட்டு வாறேன். சம்மட்டி அடிச்சவ கையில இருந்து வாங்கிக்கிடுங்க."

அவர் திருநீற்றுத் தட்டோடு அடுத்த ஆளிடம் போய்விட்டார். என் கணவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "பாரம் தாங்குவியாட்டி?" என்றார். இருபத்திரண்டு வருஷம் சம்மட்டி தூக்கினவளிடம் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

கரி இப்போதும் மாதம் இரண்டு தடவை வருகிறது. மூட்டை நேராக உலைப் பக்கம் வந்து இறங்குகிறது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது, நான் மறந்துவிட்டேனா என்று பார்ப்பதுபோல மூலையில் கவிழ்த்து வைத்திருக்கும் செம்பை ஒருதரம் பார்ப்பார். கமிட்டி இதுவரை கூடவில்லை. அடுத்த ஆடிக்கு வேண்டிய வில்லுப்பட்டையை நான் வாங்கி, கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படும்படி வாசலிலேயே சாய்த்து வைத்திருக்கிறேன்.